படகு தெரிகிறது, பெயர் தெரியவில்லை

யாழ்ப்பாணத்தின் குறிகட்டுவான் இறங்குதுறையில் விடிகாலையில் நின்றால் ஒன்றைக் கவனிக்கலாம். தொலைவில் புள்ளியாக எழும் படகு எது என்று பெரியவர்கள் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் நிற்கும் பிள்ளை சொல்லிவிடும். அணியம் எவ்வளவு நிமிர்ந்திருக்கிறது, கூரை என்ன நிறம், எஞ்சின் எப்படி முனகுகிறது என்பதெல்லாம் அதற்கு மனப்பாடம். நயினாதீவுப் படகையும் நெடுந்தீவுப் படகையும் அது மாறிச் சொல்வதில்லை. கடற்றொழில் செய்யும் வீட்டுப் பிள்ளை என்றால் இன்னும் மேலே போகும். எந்தக் கோபுரம் எந்தப் பனைக்கு நேராக வந்தபோது வலை போட்டோம் என்று தகப்பன் ஒருதரம் காட்டியதை நாள் கழித்தும் மறக்காது.

அப்படிப்பட்ட பிள்ளை ஒன்று தரம் 3இல் படிப்பதாக வைத்துக்கொள்வோம். கரை சேர்ந்த படகில் 'வடதாரகை' என்று எழுதியிருக்கிறது. வாசி என்றால் உடனே வாசிக்கிறது. அதே சொல்லில் இரண்டு எழுத்தை இடம்மாற்றி 'வடதாகரை' என்று கொப்பியில் எழுதிக் காட்டினால், அதையும் 'வடதாரகை' என்றே வாசிக்கிறது. 'தாரம்' என்று தனியே எழுதினால் விழிக்கிறது. தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்து சொல்வது வழக்கமான பேச்சுத்தான்: "எல்லாம் விளங்கும் ரீச்சர். ஒருக்காச் சொன்னால் மறக்காது. புத்தகத்தைக் குடுத்தாத்தான் முழிக்குது." ஊரார் சொல்லும் காரணங்கள் இரண்டு. ஒன்று, கண்ணில் பழுது. மற்றது, பார்த்ததை மனத்தில் வைக்கும் சக்தி இல்லை. முதற் காரணத்தைக் கண் வைத்தியர் ஒரே நாளில் தீர்த்துவிடுவார். இரண்டாவதை ஆராயத்தான் உலகம் நூறு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது.

கண்ணின் ஞாபகம் பற்றிய எண்ணம் வைத்தியர்களிடமிருந்தே பிறந்தது. ஜெர்மனியில் அடோல்ஃப் குஸ்மௌல் 1877இல் 'சொற்குருடு' என்ற பெயரைக் கொடுத்தார். அங்கேயே கண் வைத்தியர் ருடோல்ஃப் பெர்லின் 1887இல் 'டிஸ்லெக்சியா' என்ற சொல்லை ஆக்கினார். இவர்கள் பார்த்தவர்கள் வளர்ந்தவர்கள். மூளையில் நோயோ அடியோ பட்டு வாசிப்பை இழந்தவர்கள். கிளாஸ்கோவில் ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் 1895இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சொற்குருடும் கண்ணின் ஞாபகமும் என்பதே அதன் தலைப்பு. 58 வயதான மொழி ஆசிரியர் ஒருவர் ஒரு காலை தம் மாணவனின் பயிற்சியை எடுத்துப் பார்க்க, எழுத்துகள் கண்ணுக்குத் தெரிகின்றன, வாசிக்க வரவில்லை. சொற்களின் வடிவங்களைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் ஒன்று மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது, அது பழுதானால் கண் தெளிவாக இருந்தும் வாசிப்புப் போய்விடும் என்று ஹின்ஷெல்வுட் முடிவுகட்டினார்.

அந்தக் கட்டுரையைப் படித்த பிரிங்கிள் மோர்கன் என்ற வைத்தியர், இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சீஃபோர்ட் என்ற சிற்றூரிலிருந்து 1896 நவம்பரில் 'பிரித்தானிய மருத்துவ இதழு'க்கு ஒரு பையனைப் பற்றி எழுதினார். பையனுக்கு 14 வயது. விளையாட்டில் சூரன், பேச்சில் கெட்டிக்காரன், பார்வையில் குறையில்லை. 749ஐ 867ஆல் பெருக்கச் சொன்னால் சட்டென்று சரியான விடை தருவான். '7' என்ற இலக்கத்தை வாசிப்பான். அதே ஏழைச் சொல்லாக எழுதினால் வாசிக்கமாட்டான். பெர்சி என்ற தன் பெயரையே எழுத்து மாற்றி 'ப்ரெசி' என்று எழுதினான். பலதரம் சுட்டிக்காட்டும்வரை பிழை அவனுக்குத் தெரியவில்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்திருந்தால் பள்ளியிலேயே முதலாவதாக வந்திருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. இன்று டிஸ்லெக்சியா என்று சொல்லும் வாசிப்பு இடர்பாடு, அடியும் நோயும் இல்லாமல் பிறவியிலேயே வரலாம் என்று மருத்துவ உலகம் அறிந்தது இந்தப் பையனால்தான். ஹின்ஷெல்வுட் பின்பு இப்படிப்பட்ட பிள்ளைகள் பலரைப் பார்த்து, 1917இல் புத்தகமாகவே எழுதினார். இந்தப் பிள்ளைகள் மந்தமானவர்கள் அல்லர், கடுமையாக நடத்தக்கூடாது, தனியே இருத்திக் கற்பிக்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே வாதாடியவர் அவர். அவருடைய விளக்கம் பிழைத்தது. பிள்ளைகள்மீது அவர் வைத்த நம்பிக்கை பிழைக்கவில்லை.

விளக்கம் எங்கே பிழைத்தது என்பதற்கு மீண்டும் அந்தப் படகின் பெயருக்கு வரவேண்டும். 1984இல் மேசன்ஹைமர், ட்ரம், ஏரி என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் வாசிக்கப் பழகாத சிறுபிள்ளைகளுக்குக் கடைப்பலகைகளையும் பானப் போத்தல்களையும் காட்டினார்கள். பிள்ளைகள் 'பெப்சி' என்று சொன்னார்கள். முதல் எழுத்தை வேறெழுத்தாக மாற்றிக் காட்டினாலும் 'பெப்சி' என்றார்கள். ஏதோ மாறியிருக்கிறது என்றுகூடத் தோன்றவில்லை. அவர்கள் வாசித்தது எழுத்தை அல்ல, நிறத்தையும் வடிவத்தையும். ஊட்டா ஃப்ரித் 1985இல் வாசிப்பின் வளர்ச்சியை மூன்று படிகளாகப் பிரித்தபோது இதை முதற்படியில் வைத்தார்: சொல்லைப் படமாகப் பார்க்கும் படி. அடுத்த படியில் பிள்ளை எழுத்தையும் ஒலியையும் முடிச்சுப் போடுகிறது. அந்த முடிச்சுகள் இறுகிய பிறகுதான் சொல்லைப் பார்த்த மாத்திரத்தில் அறியும் மூன்றாம் படி வருகிறது. லின்னியா ஏரி தம் வாழ்நாள் ஆய்வில் காட்டியதும் இதுவே. பழகிய வாசகர் ஒரு சொல்லைக் கண்டதும் அறிகிறார் என்றால், அந்தச் சொல்லின் எழுத்துகள் ஒவ்வொன்றும் அதன் ஒலிகளோடு முன்பே ஒட்டிக்கொண்டுவிட்டன என்று பொருள். பசை ஒலிதான். சொல்லின் வடிவம் ஞாபகத்தில் தங்குவது வாசிப்பின் விளைவு. ஞாபகம் முதலில் வந்து வாசிப்பைக் கொண்டுவருவதில்லை.

நம் தரம் 3 பிள்ளை முதற்படியில் நிற்கிறது. கண்ணின் ஞாபகம் அதற்குக் குறைவாக இல்லை. அந்த ஞாபகம் ஒன்றை மட்டும் நம்பி இரண்டு வருடம் சமாளித்திருக்கிறது என்பதே உண்மை. தரம் 1 புத்தகத்தைப் பார்க்காமலே ஒப்புவிக்கும் பிள்ளைகளை ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். பக்கத்தில் உள்ள படம் பாடத்தை ஞாபகப்படுத்துகிறது, விரல் சொற்களின் மேல் போகிறது, வாய் பாடமாக்கியதைச் சொல்கிறது. தரம் 3இல் படங்கள் குறைந்து வசனங்கள் கூடும்போது குட்டு வெளிப்படுகிறது.

இதைச் சோதித்துக் காட்டியவர் நியூயோர்க் மாநிலத்தின் ஃப்ராங்க் வெலுட்டினோ. 1970களில் அவர் செய்த சோதனைகள் எளியவை. நன்றாக வாசிக்கும் பிள்ளைகளுக்கும் வாசிப்பு வராத பிள்ளைகளுக்கும் ஹீப்ரு எழுத்துகளைக் கொஞ்ச நேரம் காட்டி மறைத்தார். பார்த்ததை வரையச் சொன்னார். இரு சாராருக்கும் ஹீப்ரு தெரியாது. இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குச் சரியாக வரைந்தார்கள். பெயரோ ஒலியோ இல்லாத வெறும் வடிவம் என்றால் வாசிப்பு வராத பிள்ளையின் கண் யாருக்கும் இளைத்ததில்லை. அதைவிடக் கூர்மையான சோதனை ஒன்றும் உண்டு. மூன்று எழுத்து ஆங்கிலச் சொல்லைப் பிள்ளை பின்னிருந்து முன்னாகத் தலைகீழாக வாசிக்கும். ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்து எழுது என்றால் எழுத்து வரிசை பிசகாமல் எழுதும். கண் வரிசையைச் சரியாகவே கண்டிருக்கிறது. அந்த வரிசைக்குரிய ஒலியை எடுத்து வாயில் வைக்கும் இடத்தில்தான் வழுக்கல். வடிவத்தோடு வடிவத்தைச் சேர்த்து ஞாபகம் வை என்றால் வைக்கும் பிள்ளை, வடிவத்தோடு புதுப்பெயரைச் சேர்த்து ஞாபகம் வை என்றால் திணறுவதைப் பிந்தைய ஆய்வுகளும் உறுதிசெய்தன. தீவில் ஆசிரியை ஒருவர் இதைத் தாமே செய்து பார்க்கலாம். நயினாதீவு நாகவிகாரைப் பக்கம் சிங்கள எழுத்துப் பழகிய கண் என்பதால் சிங்களம் வேண்டாம். மலையாள எழுத்து நான்கை எழுதிக் காட்டி, மறைத்து, வரையச் சொன்னால் போதும்.

1983இல் லினெட் பிராட்லியும் பீட்டர் பிரையன்ட்டும் ஒக்ஸ்ஃபோர்டிலிருந்து 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை மறுபக்கத்தைக் காட்டியது. வாசிக்கத் தொடங்காத ஏறத்தாழ 400 பிள்ளைகளிடம், சொற்களின் ஒலி எது ஒத்துப்போகிறது எது ஒத்துப்போகவில்லை என்று முதலில் கேட்டறிந்தார்கள். சில வருடம் கழித்துப் பார்த்தபோது, அன்று ஒலியைப் பிரித்தறிந்த பிள்ளைகளே நன்றாக வாசித்தார்கள். ஒலியோடு எழுத்துத் துண்டுகளையும் கையில் கொடுத்துப் பழக்கிய பிள்ளைகள் எல்லோரையும்விட முன்னேறினார்கள்.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, டிஸ்லெக்சியா என்பது ஒலிக் குறை, கண்ணுக்கு அதில் வேலையில்லை என்று முடிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஒரே பார்வையில் எத்தனை எழுத்தைப் பிடிக்க முடிகிறது என்பதில் சில பிள்ளைகளுக்குத் தட்டுப்பாடு உண்டு என்று பிரான்சில் சில்வியான் வால்துவா குழுவினர் 2007இல் காட்டினார்கள். இத்தாலியப் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கும் எழுத்துகளைத் தள்ளித்தள்ளி அச்சிட்டுக் கொடுத்தபோது வாசிப்பு மேம்பட்டது என்று மார்க்கோ சோர்ஸி குழுவினர் 2012இல் எழுதினார்கள். இவை கண் சார்ந்தவைதான். தவிர, இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை 26 எழுத்துள்ள மொழிகளில் நடந்தவை. தமிழ்ப் பிள்ளையின் முன்னே விரிவது 247.

பெங்களூரில் சோனாலி நாக் 2007இல் கன்னடப் பிள்ளைகளைப் பற்றி வெளியிட்ட ஆய்வு நமக்கு நெருக்கமானது. ஆங்கிலப் பிள்ளை ஒரு வருடத்தில் எழுத்தெல்லாம் அறிந்துவிடும். கன்னடப் பிள்ளை நான்காம் வகுப்புவரை எழுத்துகளையே கற்றுக்கொண்டிருக்கிறது. அவரும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வின்படி, எழுத்தின் வடிவம் எவ்வளவு சிக்கல், அது எத்தனைமுறை கண்ணில் படுகிறது என்பவையும் கற்கும் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. தமிழில் கூட்டெழுத்துகள் கன்னடம் அளவுக்கு இல்லை. ஆனாலும் சுமை சிறிதல்ல. 'கெ' என்பதில் வாய் ககரத்தை முதலில் சொல்ல, கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. 'கொ' என்பதில் ஓர் உயிர் ஒலிக்குரிய குறி எழுத்தின் இருபக்கமும் பிரிந்து நிற்கிறது. 'கௌ' எழுத்தின் வால் ளகரத்தின் அச்சு. கு, சு, டு, து, நு, பு, மு, ரு எல்லாம் ஒரே உகரம். கை இழுக்கும் கோடோ எல்லாவற்றிலும் ஒன்றல்ல. இவற்றை ஒலியறிவு மட்டும் கொண்டு ஊகிக்க முடியாது. கண்டு, எழுதி, மறுபடி கண்டுதான் மனத்தில் இருத்தவேண்டும். தமிழ்நாட்டில் 1978இல் நடைமுறைக்கு வந்த எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை போன்ற 13 எழுத்துகளின் பழைய வடிவங்களை அகற்றியது. ஈழத்திலும் அது பின்பு வழக்கமானது. பாட்டன் எழுதிய கடிதத்தைப் பேரன் வாசிக்கத் திக்குவது அந்தப் பழைய 'னை'யிலும் 'லை'யிலும்தான்.

நம் முன்னோருக்குக் கிடைத்த எழுத்து இதைவிடக் கஞ்சத்தனமானது. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. அரவும் (ா) ரகரமும் ஒரே கோடு. கொம்பு குறிலா நெடிலா என்று ஓலை சொல்லாது. இரட்டைச் சுழிக்கொம்பு போட்டு நெடிலைப் பிரிக்கும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவரோடு வந்தது. சொல்லுக்குச் சொல் இடைவெளியும் கிடையாது. சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம்பிள்ளை இப்படிப்பட்ட ஏடுகளை வைத்துக்கொண்டுதான் கலித்தொகையை 1887இல் பதிப்பித்தார். ஜெர்மனியில் பெர்லின் 'டிஸ்லெக்சியா' என்ற சொல்லை ஆக்கிய அதே ஆண்டு. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பிறநாட்டார் முதலில் ஊராத்துறையில் வந்திறங்க வேண்டும், யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் கெட்டால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கு, மிச்சம் உடையவனுக்கு, வணிகச் சரக்கு மரக்கலம் கெட்டால் பாதிப் பாதி என்று அது விதிக்கிறது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. இந்தக் கல்லையோ அந்த ஏட்டையோ வாசித்தவர்களுக்குக் கண் காட்டியது எலும்புக்கூட்டை மட்டும். 'தரம்' என்பதா 'தாம்' என்பதா, 'செறி'யா 'சேறி'யா என்று தீர்த்தது மனத்திலிருந்த மொழியின் ஒலி. தமிழ் வாசிப்பு என்றைக்குமே கண் காட்ட, காது முடிப்பது. இப்போதும் கடல், அங்கம், அகம் மூன்றிலும் ஒரே ககரத்தை எழுதிவிட்டு மூன்று விதமாக ஒலிக்கிறோம். எது எங்கே என்று எழுத்து சொல்வதில்லை.

இனி அந்தப் பிள்ளையின் சொல்வதெழுதல் கொப்பிக்கு வருகிறேன். கட்டுரையில் நான் சொல்ல வந்தது இங்கேதான் இருக்கிறது. ஆசிரியை சொன்ன சொற்கள் ஐந்து: பள்ளிக்கூடம், தோணி, கொடி, பழம், மரம். பிள்ளை எழுதியவை: பளிகுடம், தொனி, கெடி, பளம், மறம். ஐந்துக்கும் பிழை. ஐந்துக்குப் பூச்சியம். ஆனால் இவை ஐந்தும் ஒரே பிழை அல்ல.

'பளிகுடம்' என்பதைப் பாருங்கள். 'ள்ளி' என்ற இரட்டிப்புப் போயிற்று, 'க்கூ'வின் ஒற்றும் நெடிலும் போயின. 'பளிகுடம்' என்று வாய்விட்டுச் சொன்னால் 'பள்ளிக்கூடம்' வராது. பேசும்போது பிள்ளை நெடிலைச் சுருக்குவதில்லை, ஒற்றை விழுங்குவதில்லை. சொல்லைத் துண்டாக்கி எழுத்துக்குக் கொண்டுவரும்போதுதான் ஒலியின் நீளமும் அழுத்தமும் கையிலிருந்து நழுவுகின்றன. இது ஒலியைப் பிரித்தறிவதில் உள்ள இடர்பாடு, டிஸ்லெக்சியாவின் கருப்பகுதி. 'தொனி'யில் குறிலும் நெடிலும் மாறியது, ணகரம் னகரமாயிற்று; இதுவும் அந்த வகையே. யாழ்ப்பாணத்துப் பேச்சில் ணகரமும் னகரமும் வேறுவேறாகக் கேட்பவை என்பதால் இதை இலேசாக விடக்கூடாது.

'கெடி' வேறு. பிள்ளை கொம்பு போட்டிருக்கிறது, அரவை விட்டிருக்கிறது. ஒரே ஒலிக்கு இருபுறமும் குறி வேண்டும் என்பது இன்னும் பதியவில்லை. இது எழுத்தின் கட்டமைப்புச் சிக்கல்; தனியே எடுத்துச் சொல்லி எழுதப் பழக்கினால் பெரும்பாலும் தீரும். கண்ணின் ஞாபகம் என்று யாராவது சொன்னால் இந்த இடத்தில் ஒப்புக்கொள்வேன்.

'பளம்' இன்னும் வேறு. யாழ்ப்பாணப் பேச்சில் பலருக்கு ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. காதில் விழுந்ததைப் பிள்ளை அப்படியே, பிசகாமல், மூன்று எழுத்தில் தந்திருக்கிறது. ஒலியறிவில் அதற்கு முழுப் புள்ளி. 'மறம்' எழுதிய கையும் அப்படியே. இவை திரும்பத் திரும்ப வாசித்தால் மட்டும் வரும் எழுத்துக்கூட்டு அறிவு. வாசிக்க முடியாத பிள்ளைக்கு 'பழம்' என்ற வடிவத்தைப் பத்துமுறை காண வாய்ப்பே கிடைத்திருக்காது. தானே வாசித்துத் தானே கற்கும் இந்தச் சுழற்சியைப் பற்றி இஸ்ரேலில் டேவிட் ஷேர் 1995இல் எழுதினார். ஒருமுறை சரியாக ஒலிகூட்டி வாசிக்கப்பட்ட சொல்தான் அடுத்தமுறை கண்ணுக்கு முகம் தெரிந்த சொல்லாகிறது. வாசிக்காதவரிடம் 'உனக்கு வடிவம் ஞாபகமில்லை' என்று குற்றம் சொல்வது, கடலுக்கே போகாதவரிடம் மீன் எங்கே என்று கேட்பது போல.

கொப்பியில் இல்லாத ஒன்றையும் கவனிக்கவேண்டும். கண்ணாடியில் தெரிவதுபோல் திரும்பிய எழுத்து அதில் இல்லை. டிஸ்லெக்சியா என்றால் எழுத்து தலைகீழாகத் தெரியும் என்ற எண்ணம் ஆங்கிலத்திலிருந்து நமக்கு வந்து ஒட்டியது. அமெரிக்காவில் சாமுவேல் ஓர்ட்டன் 1925இல் இதைப் பெரிதாக எழுதினார். ரோமன் எழுத்தில் 'பி'யும் (b) 'டி'யும் (d) ஒன்றின் கண்ணாடிப் பிம்பம் மற்றது. தமிழில் அப்படி ஒரு சோடி கிடையாது. எரிக் பீடர்சன் என்ற ஆய்வாளர் தமிழரிடையே செய்த சோதனைகளில் வியப்பான முடிவு வந்தது. தமிழ் எழுத்து மட்டும் அறிந்தவர்கள், இடம்வலம் திரும்பிய உருவங்களைப் பிரித்தறிவதில் எழுத்தே அறியாதவர்களைப் போலவே இருந்தார்கள். ரோமன் எழுத்தும் கற்றவர்கள் மட்டும் அவற்றை வேறுவேறாகக் கண்டார்கள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் குதிரை குதிரைதான் என்று மூளை இயல்பாகவே எடுத்துக்கொள்கிறது; நெடுந்தீவுப் பிள்ளை வெளியில் மேயும் மட்டக்குதிரையை அப்படித்தான் பார்க்கிறது. திருப்பினால் வேறாகிவிடும் என்ற விதியைப் பள்ளிக்கூடம்தான் கற்றுக்கொடுக்கிறது. ஆகவே ஆங்கிலப் பாடத்தில் 'பி'யையும் 'டி'யையும் ஒருவருடம் மாற்றி எழுதும் தீவுப் பிள்ளையை அதற்காக மட்டும் சந்தேகிக்க வேண்டியதில்லை. தமிழில் ஒற்றையும் நெடிலையும் இழக்கும் பிள்ளையை எழுத்தெல்லாம் நேராக இருக்கிறது என்று விட்டுவிடவும் கூடாது.

பெற்றோர் முதலில் எடுக்கும் வழி கண் வைத்தியரிடம். நெடுந்தீவிலிருந்து என்றால் மாவிலித்துறையில் படகேறி ஒரு மணிநேரம் கடல், குறிகட்டுவானில் பஸ், புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம். ஒரு நாள் கூலி போய்விடும்; வாடைக்காற்று அடிக்கும் காலத்தில் போன அன்றே திரும்ப முடியுமா என்பதும் உறுதியில்லை. பார்வையையும் கேள்வியையும் சோதிக்கத்தான் வேண்டும். அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அந்தப் பயணம் அங்கேயே முடிந்துவிடக்கூடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கை, கண் பயிற்சிகளும் நிறக் கண்ணாடிகளும் டிஸ்லெக்சியாவைத் தீர்ப்பதற்கு ஆதாரமில்லை என்று சொல்கிறது. ஞாபகசக்திப் பயிற்சிகளின் கதையும் அதுவே. மோனிக்கா மெல்பி-லெர்வோக், சார்ல்ஸ் ஹியூம் இருவரும் 2013இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பயிற்சி விளையாட்டில் பிள்ளை முன்னேறுகிறது. வாசிப்புக்கு அந்த முன்னேற்றம் வந்து சேரவில்லை. காசு கட்டிப் பிள்ளையை இவற்றுக்கு அனுப்பும் பெற்றோருக்கு யாராவது இதை எடுத்துச் சொல்லவேண்டும்.

தீவுகளில் இன்னொரு சிக்கல். வாசிக்காத பிள்ளைகள் எல்லோருக்கும் டிஸ்லெக்சியா இல்லை. 1990களின் தொடக்கத்தில் ஊரோடு இடம்பெயர்ந்து, கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் அகதியாகத் தங்கிப் படிப்பை விட்டவர்கள் இன்றைய பிள்ளைகளின் பெற்றோரும் பாட்டன் பாட்டியும். கடல் கொந்தளித்தால் படகில் வரும் ஆசிரியர் வரமுடியாது, பாடம் நின்றுவிடும். கற்பிக்கப்படாததையும் கற்க முடியாததையும் ஒரே நாள் பரீட்சையால் பிரிக்க இயலாது. இரண்டு மாதம் நாள்தோறும் சிறிது நேரம் ஒலியும் எழுத்துமாக ஒழுங்காகக் கற்பித்துப் பார்த்தால், முதல் வகைப் பிள்ளை மளமளவென்று ஏறிவிடும். இரண்டாம் வகைப் பிள்ளை அப்போதும் தடுமாறும். அப்படித் தடுமாறும் பிள்ளைக்கே கூடுதல் உதவி வேண்டும். பல நாட்டு ஆய்வுகள் 100 பிள்ளைகளில் 5 முதல் 10 என்று கணக்குச் சொல்கின்றன. தீவின் சிறிய வகுப்பில் அது ஒன்றோ இரண்டோ. ஆசிரியையால் எட்ட முடியாத தொகை அல்ல.

இது குடும்பங்களில் தொடர்ந்து வருவது என்பதையும் மறைக்கக்கூடாது. புங்குடுதீவிலும் நயினாதீவிலும் பிறந்தவர்களின் பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிசிலும் படிக்கிறார்கள். எராள்டோ பவுலேசு குழுவினர் 2001இல் 'சயன்ஸ்' இதழில் இத்தாலிய, பிரெஞ்சு, ஆங்கில டிஸ்லெக்சியர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்தார்கள். இத்தாலியர் மற்றவர்களைவிடத் திருத்தமாக வாசித்தார்கள், ஏனெனில் அந்த மொழியில் எழுத்தும் ஒலியும் ஒன்றுக்கொன்று நேர். மூளையில் செயல் குறைந்து தெரிந்த இடமோ மூவருக்கும் ஒன்றுதான். ஒரே வேர், மண்ணுக்கு மண் வேறு விளைச்சல். ரொறன்ரோவில் ஆங்கிலத்தில் திணறும் பிள்ளைக்குப் பள்ளி பெயர் சொல்லி உதவி கொடுக்கிறது. அதே பரம்பரையில் வந்து இங்கே தமிழில் மெதுவாக, பிழை குறைவாக வாசிக்கும் பிள்ளைக்குக் கிடைப்பது 'மொக்கு' என்ற பட்டம். வேகம் குறைவதுதான் ஒழுங்கான எழுத்துமுறைகளில் டிஸ்லெக்சியாவின் முகம். தரம் 5 புலமைப்பரிசில் வினாத்தாளைக் கொடுத்த நேரத்துக்குள் வாசித்து முடிக்கமுடியாமல் போகும்போதுதான் பலருக்கு இது வெளியே தெரிகிறது.

என்ன செய்யலாம்? விலை இல்லாதது ஒன்று தீவின் காலடியில் கிடக்கிறது: மணல். ஜூல் தெஜெரின் என்ற பாரிஸ் வைத்தியர் 1892இல் ஒரு துணி வணிகரைப் பற்றி எழுதினார். அவர் ஒருநாள் வாசிப்பை இழந்தார். எழுத முடிந்தது, தாம் எழுதியதையே வாசிக்க முடியவில்லை. ஆனால் எழுத்தின் மேல் விரலை ஓட்டினால் அது இன்ன எழுத்து என்று சொன்னார். கண்ணுக்குப் பூட்டிய கதவு கைக்குத் திறந்தது. மரியா மொண்டிசோரி மண்தாளில் எழுத்து வெட்டிப் பிள்ளைகளைத் தடவ வைத்தார். வாசிக்கத் தெரியாத சிறுபிள்ளைகள் கையால் எழுதிப் பழகிய எழுத்துக்கு மூளையின் வாசிப்புப் பகுதிகள் விழிக்கின்றன, விசைப்பலகையில் தட்டிய எழுத்துக்கு அப்படி விழிப்பதில்லை என்று கேரின் ஜேம்ஸ் 2012இல் காட்டினார். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் அரிவரிப் பிள்ளை மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே வாய்விட்டுச் சொன்னது. விஜயதசமியில் ஏடு தொடக்கும்போது பச்சரிசியில் விரலைப் பிடித்து எழுதுவிப்பது அதன் மிச்சம். மணலில் மந்திரம் ஒன்றுமில்லை. கண் பார்க்க, விரல் இழுக்க, வாய் ஒலிக்க, மூன்றும் ஒரே நொடியில் நடப்பதில்தான் பயன்.

அந்த ஒலி எழுத்தின் பெயராக இருக்கக்கூடாது. நாம் 'அ'வை 'ஆனா' என்கிறோம், 'ஆ'வை 'ஆவன்னா' என்கிறோம். குறிலுக்கே நெடிலில் பெயர். 'பானா, டானா, இம்' என்று எழுத்துக்கூட்டச் சொன்னால் அதிலிருந்து 'படம்' என்ற சொல்லை இறக்க, பிள்ளை மூன்று பெயரையும் சுரண்டி எறியவேண்டும். கெட்டிக்காரப் பிள்ளை சொல்லாமலே செய்துவிடும். ஒலியைப் பிரிக்கத் திணறும் பிள்ளைக்கு அது இரட்டைச் சுமை. 'ப', 'ட', 'ம்' என்று நேராகவே சொல்லிவிடலாம். 'பள்ளி' என்ற சொல்லைக் கைதட்டிப் பிரித்து, 'பள்' என்ற இடத்தில் நாக்கு ஒரு கணம் ஒட்டி நிற்கிறதே, அந்த நிறுத்தத்துக்குத்தான் புள்ளி வைத்த ளகரம் என்று காட்டலாம். 'தொ'வைச் சட்டென்று வெட்டி, 'தோ'வைக் கையை இழுத்து நீட்டி, அதற்கேற்ப ஒற்றைக் கொம்பும் இரட்டைச் சுழிக்கொம்பும் மணலில் கீறலாம். இதற்குக் கணினி வேண்டாம், நிபுணர் படகேறி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

சொல்வதெழுதல் கொப்பி மேசையில் திறந்தபடியே இருக்கிறது. 'பளம்' என்ற சொல்லுக்கு எதிரே சிவப்புப் பேனையால் பிழை போடாமல், ளகரத்தைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் 'ழ' என்று எழுதிக் கொடுக்கலாம். மற்ற இரண்டு எழுத்துக்கும் தனித்தனியே ஒரு சரி.